உறவினர் உடனே வரவும்

பூங்காவில் அவளுக்கு மைக்கக்கா என்று பெயர். விடுமுறைக் காலத்தில் கூட்டம் அள்ளும் என்பதால் அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள். அப்படி வந்தவர்களை நிரந்தர வேலைக்காரர்கள் சீசன் என்பார்கள். "யாருப்பா அங்க, அந்தக் குழாய்க்கு ஒரு சீசனை அனுப்பு" என்று, என்னவோ கூடையில் வைத்து விற்கும் பழத்தைச் சொல்வதுபோல. காலையில் பெருக்க வேண்டும், செடிக்குத் தண்ணீர் விட வேண்டும், உதிர்ந்த கிளைகளைப் பொறுக்க வேண்டும். கூட்டம் வந்த பிறகு, கழிவறை எங்கே, படகுத்துறை எங்கே, குடையை விட்டுவிட்டேன், பிள்ளையை விட்டுவிட்டேன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குக் கணீரென்ற குரல். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து உதவிக் கூடத்து மைக்கை அவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"பச்சைக் கவுன் போட்ட குட்டிப் பாப்பா அழுதுகிட்டே இங்க உக்காந்திருக்காங்க. உறவினர் உடனே உதவிக் கூடத்துக்கு வரவும்" என்று அவள் சொன்னால், பூங்காவின் மூலைக்கு மூலை கம்பத்தில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கிக் குழாய்கள் அதைத் திருப்பிச் சொல்லும். கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் தலைவிரி கோலமாக ஓடிவருவாள். வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைக்கு முதுகில் ஒன்று வைப்பாள், பிறகுதான் கட்டிப்பிடித்து அழுவாள். இந்த வரிசை மாறி மைக்கக்கா பார்த்ததே இல்லை.

ஊரார் தொலைத்ததையெல்லாம் சேர்த்துவைக்கிறவளுக்கு, தன்னுடையது தொலையாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. தன்னுடையது என்றால் அவள் வீட்டுக்காரர்.

அவர் துணிக்கடையில் பார்சல் கட்டியவர். வாலிபத்திலிருந்து அதே கடை, அதே மேசை, அதே நூல்கண்டு. குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மேலே பிடித்துத் தூக்கிக்கொண்டு போக ஒரு காது. கண்ணை மூடித் திறப்பதற்குள் பார்சல் தயாராகிவிடும். வருகிறவர்கள் துணியைவிட முடிச்சைப் பார்த்துத்தான் சொக்கிப்போனார்கள் என்று அவர் சொல்லிக்கொள்வார். கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி மறந்துவிட்டது. பிறகு கடையே மறந்துவிட்டது. டாக்டர் நீளமாக ஏதோ ஒரு பெயரைச் சொல்லி, இது ஏறத்தான் ஏறும், இறங்காது என்று கையை விரித்துவிட்டார். அறுபதுகூட ஆகாத மனுஷன். மண்டையில் இருந்ததெல்லாம் வடிந்துகொண்டே போக, கை மட்டும் எதையும் மறக்கவில்லை. கயிறு என்று ஒன்று கண்ணில் பட்டால் போதும், பக்கத்தில் இருப்பதைக் கட்டிவிடுவார்.

அவளைத் தெரியும். பேர் சில நாள் வராது, "இந்தாம்மா" என்று சமாளித்துவிடுவார். ஆனால் அவள் முகத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிடும். எதிரில் யார் வந்தாலும், "இவங்கதான் என் வீட்டுக்காரம்மா" என்று பெருமையாக அறிமுகம் செய்துவைப்பார். அவள் எதைச் சொன்னாலும் அவருக்கு அது சரி. இது காபி என்றால் காபி, இது உங்கள் சட்டை என்றால் அவர் சட்டை. எது எதுவென்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்ப் பார்த்தாள். வெளியே பூட்டினால், கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிப்போய்க் கிடந்தார். மாடியிலிருந்த ஓனரம்மா இறங்கிவந்து, "ஏம்மா, குடியிருக்க வீடு கேட்டியா, ஜெயில் நடத்தக் கேட்டியா?" என்றாள். பூட்டாமல் விட்டால் ரோட்டில் நிற்பார். மகளிடம் போனில் கேட்டாள். மகள் அழுதாள். அவள் வீட்டில் மாமியாரும் மாமனாரும் படுத்த படுக்கை, இடுப்பில் கைக்குழந்தை வேறு. அழுகிற பிள்ளையிடம் அதற்கு மேல் என்னத்தைக் கேட்பது? இவளே சமாதானம் சொல்லிப் போனை வைத்தாள். வேலையை விட்டால் சாப்பாடு இல்லை, வேலைக்குப் போனால் அவரைப் பார்த்துக்கொள்ள நாதி இல்லை. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் அவரையும் கூடவே கூட்டிக்கொண்டு போவதென்று முடிவு செய்தாள்.

அதற்குத்தான் பூங்காவில் தடை இருந்தது. போன சீசனில் யாரோ ஒருத்தி தன் பிள்ளையைக் கூட்டிவந்து, அது குளத்தில் விழுந்து, பிழைத்தது மறுபிறவி. அதிலிருந்து, வேலை நேரத்தில் சொந்தக்காரர்கள் யாரும் கூட இருக்கக் கூடாது, இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், அடுத்த சீசனுக்கும் கூப்பிட மாட்டோம் என்று உத்தரவு. அதை எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்ன சூப்பர்வைசருக்கு விசில் என்று பட்டப்பெயர். பேசுவதைவிட ஊதுவது அதிகம். கெட்ட மனுஷன் என்றும் சொல்லிவிட முடியாது. மேலே இருக்கிறவர்கள் அவரை மிதிப்பார்கள், அவர் கீழே இருக்கிறவர்களைப் பார்த்து ஊதுவார்.

ஆகவே அவள் பின்வாசல் வழியாக வேலைக்கு வந்தாள், அவர் முன்வாசல் வழியாகப் பார்வையாளராக வந்தார். வாட்ச்மேனிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நான் எதையும் பாக்கல" என்றார் அவர். சொல்லிவிட்டு, தினமும் அவள் வீட்டுக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, உதவிக் கூடத்துக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார். எதையும் பார்க்காத மனுஷன் செய்கிற வேலையா அது!

கூடத்தின் ஜன்னலிலிருந்து பெஞ்ச் தெரியும். நிமிர்ந்தால் அவர் கையாட்டுவார். யாரும் பார்க்காதபோது அவளும் விரலை மட்டும் ஆட்டுவாள். நடுவில் போய், எல்லாப் பார்வையாளர்களிடமும் கேட்பதுபோல, "சார், குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று கேட்பாள். "என்னம்மா புதுசா சார்ங்கிற?" என்று அவர் சிரிப்பார். அவள் கண்ணை உருட்டுவாள். கண்ணை உருட்டினால் அவருக்கு இன்னும் சிரிப்பு வரும். சீசனில் பாதிக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளை ஓட்டிவிட்டால் போதும் என்று அவளுக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது.

காற்றுக்காலம் தொடங்குமுன் பட்டுப்போன மரங்களை எடுத்துவிடுவது அங்கே வழக்கம். மர அதிகாரி வந்து தடியால் தட்டிப் பார்த்து, "இது" என்பார். பின்னாலேயே ஒரு சீசன் ஆள் சிவப்பு ரிப்பனைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். அடிமரம் கைக்கு அடங்காவிட்டால் தாழ்ந்த கிளையில் கட்டுவதுண்டு. மறுநாள் விடிந்ததும், கூட்டம் வருவதற்கு முன்னால், வெட்டுகிற ஆட்கள் வருவார்கள். அவர்களுக்கு மரம் தெரியாது, ரிப்பன்தான் தெரியும். ரிப்பன் இருந்தால் அறுப்பார்கள், இல்லாவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வருடா வருடம் இப்படித்தான் நடந்தது, ஒரு தப்பும் வந்ததில்லை. தப்பு வர வேண்டுமென்றால் கயிற்றைக் கண்டால் கை சும்மா இருக்காத ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை ரிப்பன் கட்டப் போனது மைக்கக்காதான். வேலையை முடித்து, மிச்சச் சுருளைப் பையில் போட்டு, பையை அவர் பக்கத்தில் பெஞ்சில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். டீச்சரம்மா எண்ணும்போதெல்லாம் ஒரு தலை குறைந்தது. மைக்கில் கூப்பிட்டால் ஒரு தலை அதிகமாக வந்தது. பார்த்தால் அது வேறு யாருடையதோ பிள்ளை. அந்தக் கூத்தெல்லாம் அடங்கி அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது பை மட்டும் இருந்தது, அவர் இல்லை.

ஓடினாள். அதிக தூரம் ஓட வேண்டியிருக்கவில்லை. சிவப்பு ரிப்பனே வழி காட்டியது. குப்பைத்தொட்டியில் ஒரு கட்டு, சறுக்குமரத்தின் காலில் ஒரு கட்டு, ஊஞ்சல் சங்கிலியில் ஒரு கட்டு. ஒரு குழந்தையின் தள்ளுவண்டியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தூக்கிக்கொண்டு போக மேலே காதும் வைத்து முடித்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு நின்றார். குழந்தையின் அம்மா நல்லவள். "ஐயா அழகா கட்டியிருக்காரு, அவிழ்க்காதீங்க, அப்படியே இருக்கட்டும்" என்று சிரித்தாள்.

"கடை மூடுற நேரமாச்சும்மா, இன்னும் எவ்வளவு இருக்கு பாரு" என்றார் அவளைப் பார்த்து. நெற்றியில் வேர்வை. முகத்தில் அப்படியொரு சந்தோஷம். எத்தனை காலமாயிற்று அந்த முகத்தை அவள் பார்த்து! திட்ட வாயெடுத்தவள் சிரித்துவிட்டாள்.

"வேற எங்கல்லாம் கட்டினீங்க?"

"எல்லாம் கட்டியாச்சு. வண்டி வந்தா ஏத்த வேண்டியதுதான்."

அதற்கு மேல் அவரிடமிருந்து ஒன்றும் பெயரவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அவிழ்த்தாள். பாதை ஓரத்து மரங்களை ஒன்றுவிடாமல் பார்த்தாள். சுருள் இளைத்திருப்பதுபோல் தெரிந்தது. காலையில் நாமே தாராளமாக வெட்டியிருப்போம் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். விசில் தூரத்திலிருந்து ஊதினார். படகுத்துறையில் யாருக்கோ தலைசுற்றல். தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு அங்கே ஓடினாள்.

மறுநாள் காலை அவள் பின்வாசலுக்குள் கால் வைக்கும்போதே அறுக்கிற மெஷின் சத்தம் கேட்டது. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் சத்தம் குளத்துப் பக்கத்திலிருந்து வந்தது. குளத்துப் பக்கம் அவள் ரிப்பனே கட்டவில்லை.

குளத்துப் பக்கம் இருந்தது குடைமரம். மரத்துக்கு அந்தப் பெயரை வைத்தது வருகிறவர்கள்தான். அத்தனை அகலம். மழை வந்தால் அதன் அடியில் ஒரு கூட்டமே நனையாமல் நிற்கும். கல்யாணம் ஆனவர்கள் அங்கே வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது அது தரையில் கிடந்தது. அதன் இலைகளுக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை, பச்சையாகவே இருந்தன. மரம் நின்ற இடத்தில் வெறும் வானம் இருந்தது, கண்ணைக் கூசியது. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் கூட்டமாக நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போனில் படம் பிடித்தார். ஒரு பெண்மணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மைக்கக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடித்தான் என்ன செய்ய? வெட்டின மரத்தை நிமிர்த்தி ஒட்டவைக்கவா முடியும்?

"ரிப்பன் இருந்துச்சு சார்! பின்பக்கக் கிளையில இருந்துச்சு! நான் என்ன கனவா கண்டேன்?" என்று வெட்டுக் கான்ட்ராக்டர் அறுபட்ட கிளையைத் தூக்கிக் காட்டினார். குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, மேலே ஒரு காது. அவளுக்கு அது யார் கை என்று சொல்லவா வேண்டும்?

விசிலுக்கு முகம் பேயறைந்ததுபோல் இருந்தது. ஊதக்கூட மறந்துவிட்டார். "யாரு கட்டினது? மேல இருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? சொல்லித் தொலைங்க, யாரு கட்டினது?"

நான்தான் தவறிப்போய்க் கட்டிவிட்டேன் என்று சொல்லிவிடலாமா என்று அவள் நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே, பின்னாலிருந்து, "அது என் முடிச்சுதான்" என்று ஒரு குரல் கேட்டது.

வாட்ச்மேன் அன்றைக்கும் வழக்கம்போல அவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். பெஞ்சில் உட்காரவைக்குமுன் கூட்டத்தைக் கண்டு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் கையை உதறிக்கொண்டு முன்னால் வந்தார். கிளையில் இருந்த முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். "நல்லா இருக்கா சார்? எவ்வளவு தூக்கினாலும் அவிழாது" என்றார்.

"யாருய்யா நீ?" என்றார் விசில்.

"என் வீட்டுக்காரம்மா இங்கதான் வேலை பாக்குறா." அவர் கூட்டத்தில் தேடி அவளைக் கண்டுபிடித்தார். முகம் மலர்ந்தது. கையை நீட்டிக் காட்டினார். "இதோ, இவங்கதான்."

அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. விசில் அவளைப் பார்த்தார். வாட்ச்மேன் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். மூன்று பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன் அவர். அவள் வாயைத் திறந்தால் அவர் வேலையும் சேர்ந்து போகும்.

"ஏம்மா, உனக்குத் தெரியுமா இந்த ஆளை?"

"தெரியாது சார்."

அவள் யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது. முந்திக்கொண்ட வாய் அத்தோடு நின்றதா என்றால் அதுவும் இல்லை. "தெனம் வர்றவரு சார். கொஞ்சம் புத்தி சரியில்ல போலிருக்கு. எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாரு."

விசில் பெருமூச்சு விட்டார். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது. வேலைக்காரர்கள் யாரும் தப்புப் பண்ணவில்லை, புத்தி கெட்ட ஒருவன் வந்து கட்டிவிட்டான் என்று மேலே சொல்லிவிடலாம். அவர் கழுத்து நிமிர்ந்தது. "இந்த ஆளைக் கூட்டிட்டுப் போய்க் கூடத்துல உக்கார வை. மைக்ல சொல்லு. சொந்தக்காரங்க வந்தா என்னைக் கூப்பிடு. மூடுற வரைக்கும் யாரும் வரலன்னா போலீஸ்ல ஒப்படைச்சிடலாம்."

வீட்டுக்காரர் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார். அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். கோபம் இல்லை. சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்துவிட்ட மனுஷன்போல ஒரு கூச்சம் மட்டும் இருந்தது. பிறகு அவள் கூப்பிட்ட பக்கம் நடந்துவந்தார்.

கூடத்தில் அவரை நாற்காலியில் உட்காரவைத்தாள். விசில் வாசலிலேயே நின்றார். அவள் மைக்கைத் தட்டினாள். "நீலக் கட்டம் போட்ட சட்டையும், பழுப்புக் கால்சட்டையும் போட்ட…" என்று ஆரம்பித்தாள். அன்று காலை அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டவள் அவள்தான். மேல் பொத்தானைப் போடும்போது கழுத்து கூசுகிறது என்று சிரித்தார். "…ஐயா ஒருத்தர் இங்க பத்திரமா இருக்காங்க. உறவினர் உடனே உதவிக் கூடத்துக்கு வரவும்." எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன சொல்தான்.

"இன்னொரு தடவை சொல்லு" என்றார் விசில். சொன்னாள். மத்தியானம் வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். பூங்கா முழுக்க அவள் புருஷனை அவளே யாருக்கோ ஏலம் போட்டாள். வாங்கத்தான் ஆள் இல்லை.

அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. விசில் சாப்பிடப் போவார். அந்த நேரத்தில் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு பின்வாசல் வழியாக வாட்ச்மேனிடம் விட்டுவிட்டால், சொந்தக்காரர்கள் வந்து கூட்டிப்போய்விட்டார்கள் என்று சொல்லிவிடலாம். வேலையும் தப்பும், அவரும் தப்புவார், வாட்ச்மேனும் தப்புவார். விசில் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும் அவள் பாய்ந்து போய் நாற்காலி முன்னால் மண்டியிட்டாள்.

"என்னங்க, எந்திரிங்க. வீட்டுக்குப் போலாம்."

அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "இல்ல மேடம், நான் இங்கயே இருக்கேன். என் வீட்டுக்காரம்மா வருவா."

"நான்தாங்க. என்னைப் பாருங்க. நான்தாங்க உங்க வீட்டுக்காரம்மா."

அவர் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார். "நீங்க இல்லன்னு நீங்களேதானே சொன்னீங்க? நான்தான் நீங்கன்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

"ஐயோ, அது சும்மா சொன்னதுங்க. வேலை போயிடும்னு பயத்துல பொய் சொன்னேங்க."

"அப்போ கண்டிப்பா நீங்க இல்ல" என்றார் அவர், அவளுக்கு ஆறுதல் சொல்வதுபோல. "என் வீட்டுக்காரம்மா பொய் சொல்ல மாட்டா."

மகள் பெயரை மறந்தார், பாடுபட்ட கடையை மறந்தார், சாப்பிட்டதை மறந்து திரும்பவும் தட்டை எடுத்தார். காலையில் சொன்னது மத்தியானம் நிற்காத மண்டை அது. அந்த ஒரு வார்த்தை மட்டும் எப்படி அங்கே ஆணி அடித்ததுபோல் நின்றது? அவள் கல்யாணத்தைச் சொன்னாள், மகள் பிறந்ததைச் சொன்னாள், கையைப் பிடித்து இழுத்தாள், கடைசியில் அழுதாள். அவர் மிரண்டுபோய் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அழாதீங்க மேடம். உங்களுக்கும் யாரோ காணாமப் போயிட்டாங்களா?" என்று கேட்டார்.

அதற்குள் விசில் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். மத்தியானம் சாய்ந்தது. வாட்ச்மேன் ஏதோ சாக்கில் வந்து, "ஐயா, வாங்க, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்று கூப்பிட்டுப் பார்த்தார். அவர் அசையவில்லை. வீட்டுக்காரம்மா வரும்போது இங்கே இல்லாவிட்டால் அவள் பயந்துபோவாளாம். வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் போய்விட்டார்.

கூட்டம் கலைந்தது. படகுகளைக் கரையில் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். விசில் போனை எடுத்துப் போலீசுக்குப் பேசியபடி வாசலுக்கு நடந்தார். "ஆமா சார், ஒரு ஆள். ஆமா, அநாதை கேஸ்தான்" என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. வேலையாவது, அடுத்த சீசனாவது, எல்லாம் நாசமாய்ப் போகட்டும். மைக்கின் பொத்தானை அமுக்கினாள்.

"நீலக் கட்டம் போட்ட சட்டை போட்டவரு அநாதை இல்ல. அவரு என் வீட்டுக்காரர். எல்லாரும் கேட்டுக்கோங்க, மைக்ல பேசுற நான்தான் அவரோட சம்சாரம். அவரை இங்க கூட்டிட்டு வந்தது நான். தெரியாதுன்னு சொன்னதும் நான்தான். வேற யாருக்கும் இதுல சம்பந்தம் இல்ல." மூச்சு வாங்கியது. "என்னங்க, நான் வந்துட்டேங்க."

அந்தக் கணீரென்ற குரல் மரமில்லாத குளக்கரைவரை போய் வந்தது. விசில் பாதி வழியில் அப்படியே நின்றார்.

அவர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டீங்களா மேடம்? வந்துட்டா! அது என் வீட்டுக்காரம்மா குரல்!" என்றார் அவளிடமே. இரண்டு கையையும் கூப்பினார். "ரொம்ப உதவி பண்ணீங்க. நீங்க நல்லா இருக்கணும்." அவள் பிடிப்பதற்குள் வெளியே இறங்கி, குரல் வந்த திக்கில் போனார். எதிரில் இருந்த கம்பத்தின் அடியில் போய் நின்று, உச்சியில் இருந்த குழாயை அண்ணாந்து பார்த்தார்.

"இந்தாம்மா! நான் இங்கதான் இருக்கேன்!"

அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "அங்கேயே இருங்க. நகராதீங்க. இதோ வர்றேன்."

"சரிம்மா" என்றார் அவர் குழாயைப் பார்த்து. எவ்வளவு சமத்தாகச் சொன்னார்!

மைக்கை வைத்துவிட்டு ஓடினாள். வழியில் வந்த விசிலை இடித்துக்கொண்டு ஓடினாள். அவர் நேராகக் கூடத்துக்குள் போனார். கம்பத்தடிக்குப் போய், மூச்சிரைக்க, அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் கவலை வந்தது.

"மேடம், என் வீட்டுக்காரம்மா இவ்வளவு நேரம் பேசிட்டிருந்தா, குரல் திடீர்னு நின்னுபோச்சு. இன்னொரு தடவை பேசச் சொல்றீங்களா?"

அவள் கூடத்துப் பக்கம் திரும்பினாள். விசில் விளக்கை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.